தம்பி கண்ணால சொன்னது

உட்காருங்க ஐயா. இந்தத் தெக்கத்திக் காத்து கிளம்பிட்டா சாயங்காலம் வரைக்கும் யாரும் நகர முடியாது. மணலு கண்ணுல போகும், பல்லுல போகும், மூடி வச்ச ரொட்டிக்குள்ளயும் போகும். கழுதைங்களைக் கொட்டகையில கட்டியாச்சு. நீங்க சாப்பிடுங்க.

துறைமுகத்துல உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே, குன்றுக்கு மேக்க ஒரு வீடு இருக்கு, தண்ணி கிடைக்கும், ஆனா அந்தப் பொம்பளை கூடப்பொறந்த தம்பியைக் கொன்னவ அப்படின்னு. சொன்னாங்கதானே? உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. பரவாயில்லை. நான் எதையும் மறைக்கிறவ இல்லை. ஆனா அவங்க பாதியைத்தான் சொல்வாங்க. மீதிப் பாதி எனக்குத்தான் தெரியும். அங்க இருந்தது நான்தானே.

என் பேரு தமல்லா. என் தம்பி மஸ்வார், இந்த மலைக்கும் அந்த உப்பு ஏரிக்கும் நடுவுல இருக்கிற நாட்டுக்குப் பன்னெண்டு வருஷம் ராஜாவா இருந்தான். பெரிய நாடு இல்லை. மூணு கோட்டை, கொஞ்சம் பார்லி வயல், மத்ததெல்லாம் மேய்ச்சல் காடு. ஆனா குதிரைமேல பொறந்த மாதிரி ரெண்டாயிரம் ஆம்பளைங்க இருந்தாங்க. கடிவாளம் கிடையாது. ஒரு குச்சியால கழுத்துல தட்டினா குதிரை திரும்பும். அந்த ரெண்டாயிரம் பேருக்காகத்தான் எல்லாரும் எங்களைத் தேடி வந்தாங்க. கிழக்கே கடலோரத்துல கார்த்தேஜ். கடலுக்கு அந்தப் பக்கம் ரோம். எங்க அப்பா காலத்துலேருந்து ரெண்டும் அடிச்சுக்கிட்டுக் கிடந்தது. ரெண்டு பேர்கிட்டயும் எல்லாம் இருந்துச்சு, எங்க குதிரைக்காரங்க மட்டும் இல்லை.

தம்பி பொறந்த மூணாம் நாளு எங்க அம்மா செத்துப்போச்சு. எனக்கு அப்போ பத்து வயசு. ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு நான்தான் வாயில வச்சேன். அவன் முதல்ல பேசின வார்த்தை அக்கா. இதை ஏன் சொல்றேன்னா, அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். பசியா, வயித்து வலியா, பயமா, முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். பெத்தவளுக்குக்கூட அது வராது. நீங்க இதை மனசுல வச்சுக்கணும்.

எனக்கு ஒரே பையன், இகிதர். என் புருஷன் ஒரு எல்லைச் சண்டையில ஈட்டி பட்டுப் போனதும் தம்பிதான் அவனை மடியில வச்சு வளர்த்தான். மாமன் மடியிலதான் அவன் முதல்ல குதிரை ஏறினான். தம்பிக்குப் பிள்ளை இல்லை. எனக்கப்புறம் இகிதர்தான்னு சபையில சொல்லியிருக்கான், ஒரு தடவை இல்லை, பல தடவை.

அவன் பொண்டாட்டி அரிஷத். கார்த்தேஜ்காரி. அவங்க ஊர்ப் பெரிய வீட்டுப் பொண்ணு, உறவு கெட்டியாகணும்னு கட்டிக் குடுத்தாங்க. வந்த ஒரே வருஷத்துல எங்க பாஷையைக் கத்துக்கிட்டா. ஏன் கத்துக்கிட்டா? நாம பேசுறதை ஒட்டுக் கேக்கத்தானே. சமையல் கட்டுல வந்து உட்கார்ந்து வேலைக்காரிகளோட மாவு பிசைவா. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஏழு நாளு பக்கத்துலயே இருந்தா. எதுக்கு இருந்தாளோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை. ரெண்டு தடவை அவளுக்குக் கரு கலைஞ்சுது. அந்த வருஷம் மழை ஓய்ஞ்சு புல்லு முளைக்கிற நேரத்துல மறுபடியும் கரு நின்னுச்சு. அதுக்கும் அப்புறம் நடந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா வரிசை தெரியணுமேன்னு சொல்றேன்.

அதுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் ரோமர் கப்பல் வந்து நம்ம கரையில இறங்கிச்சு. வீபியஸ்னு ஒரு தளபதி, பன்னெண்டு ஆளோட எங்க கூடாரத்துக்கு வந்தான். குதிரைங்களைக் குடுங்க, ராஜாவுக்கு ரோம் நண்பன்னு சொன்னான். மூணாம் நாளு அரிஷத்தோட சித்தப்பா அபிபால் இருநூறு பேரோட வந்து இறங்கினான். அவனுக்கும் அதே குதிரைதான் வேணும். தம்பி நடுவுல ஓடையை வச்சு இந்தக் கரையில ஒருத்தரையும் அந்தக் கரையில ஒருத்தரையும் தங்க வச்சான். ரெண்டு பேர்கிட்டயும் சிரிச்சுப் பேசினான். யாருக்கும் இல்லைன்னு சொல்லலை, ஆமான்னும் சொல்லலை. அறுவடை வரைக்கும் இழுத்துட்டா போதும் அக்கா, அதுக்குள்ள இவங்களே ஒருத்தரை ஒருத்தர் தின்னுடுவாங்கன்னு என்கிட்ட சொன்னான்.

பத்து நாளு இழுத்தான். பதினோராம் நாளு காலையில தண்ணிக்குப் போன ரோம ஆள் ஒருத்தன் ஓடையில குப்புறக் கிடந்தான். கழுத்து அறுத்திருந்துச்சு. தண்ணி கீழே வரைக்கும் செவப்பா ஓடி, குதிரைங்க குடிக்க மாட்டேன்னு நின்னுடுச்சு. அபிபால் ஆள் ஒருத்தனோட சட்டைக் கையில ரத்தம். அவனும் ஒத்துக்கிட்டான். தன் அண்ணனை ரோமர் கொன்னதுக்குப் பழின்னு சொன்னான். தம்பி என்ன பண்ணுவான்? விருந்தாளியைக் கொன்னவனை விட முடியுமா? ரோமர்கிட்ட ஒப்படைச்சான். அவங்க அவனை வேல மரத்துல கட்டிப் பிரம்பால அடிச்சாங்க. சீக்கிரம் முடிக்கலை. வெயில் ஏறுற வரைக்கும் அடிச்சாங்க. முதுகுல தோலு இல்லாம போனப்புறம் அவிழ்த்து முழங்கால்ல நிறுத்திக் கோடாலியால தலையை எடுத்தாங்க. அபிபால் கையைக் கட்டிக்கிட்டு நின்னு பார்த்தான். கண்ணைக்கூடச் சிமிட்டலை.

அன்னிக்கே வீபியஸும் அபிபாலும் சபைக்கு வந்தாங்க. உன்னை நம்புறதுக்கு எங்களுக்கு ஒரு பிணை வேணும்னாங்க. ரெண்டு பேரும் கேட்டது ஒரே ஆளை. என் மகன் இகிதரை. ராஜா ஆகப்போறவனைக் கையில வச்சுக்கிட்டா நாட்டையே வச்சுக்கிட்ட மாதிரிதானே. தம்பி எழுந்து நின்னான். அவன் சத்தமா பேசி நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

"என் அக்கா மகனை யார்கிட்டயும் அடகு வைக்க மாட்டேன். பிணை வேணும்னா என் ரெண்டு கையையும் வெட்டி ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

ரெண்டு கூட்டமும் கோபமாத்தான் கிளம்பிப் போச்சு. ஆனா போச்சு. தம்பி ஜெயிச்சிட்டதா நினைச்சான். ராஜா ஆனப்புறமும் அவனுக்கு வெகுளித்தனம் போகலை, பாருங்க. யாராவது ஒருத்தர் பக்கம் சாயாம எப்படிப் பிழைக்கிறது? ரோமர் கப்பலைப் பார்த்தவங்க சொன்னாங்க, எண்ண முடியலைன்னு. ஜெயிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அரிஷத்துக்கும் வயிறு தெரிய ஆரம்பிச்சிடுச்சு. இகிதருக்கு ஒரு வழி பண்ண வேண்டாமா?

அதனால நான் ஒண்ணும் பெருசா செய்யலை. இகிதரைக் கூப்பிட்டு, மாமா உன்னை ரோமர் பாளையத்துக்குப் போகச் சொல்றார், வெளியே தெரியக் கூடாதுன்னுதான் சபையில அப்படிப் பேசினார், அவர்கிட்ட போய் எதுவும் கேக்காதேன்னு சொன்னேன். அவனுக்கு மனசே இல்லை. ஆனா மாமன் சொன்னார்னா கிணத்துலயும் குதிப்பான். முந்நூறு குதிரைக்காரங்களைக் கூட்டிக்கிட்டு விடியறதுக்குள்ள போயிட்டான்.

அபிபாலுக்குச் சேதி எட்ட எட்டு நாளாச்சு. மஸ்வார் நம்மை ஏமாத்திட்டான்னு முடிவு கட்டினான். தம்பி மேக்குக் கோட்டைக்குப் போயிருந்த நாளாப் பார்த்து எங்க கீழ் ஊருக்கு வந்தான், குதிரை லாயம் இருந்த ஊரு. அங்க இருந்த குதிரைக்காரங்களை வரிசையா உட்கார வச்சான். முப்பத்தெட்டு பேர். ஒவ்வொருத்தனா வலது கையை மரக்கட்டையில வச்சு வெட்டினாங்க. ஈட்டி பிடிக்கிற கை. வெட்டின கையெல்லாம் குதிரை தண்ணி குடிக்கிற தொட்டியில போட்டுட்டுப் போனாங்க. நான் போய்ப் பார்த்தேன். சில விரலு அப்பவும் துடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

நான்தான் எண்ணெய் காய்ச்சினேன். வெட்டுன இடத்தைக் கொதிக்கிற எண்ணெயில முக்கினாத்தான் ரத்தம் நிக்கும். முப்பத்தெட்டு பேரையும் நான் பிடிச்சுக்கிட்டேன். பதினோரு பேர் செத்துட்டாங்க. அரிஷத்தும் ஓடி வந்தா, வயித்தைத் தூக்கிக்கிட்டு. கட்டியிருந்த செவப்புப் பட்டைக் கிழிச்சுக் கிழிச்சுக் கட்டுப் போட்டா. அழுதுகிட்டே போட்டா. உன் சித்தப்பன் பண்ணினதுதானேன்னு நான் கேட்டேன். ஆமான்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. நடிப்பு.

தம்பி வந்தான். தொட்டியைப் பார்த்தான். என் பக்கம் திரும்பி, இகிதரை யார் அனுப்பினதுன்னு கேட்டான். இளவட்டம், தானாப் போயிட்டான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது அந்த நேரத்துல? அவன் அப்படியே நம்பினான். நான் சொல்லி அவன் நம்பாத விஷயம் எதுவும் கிடையாது. அக்கா, நான் கார்த்தேஜ் பக்கம் போய்த்தான் ஆகணும், இல்லைன்னா மத்த ஊர்லயும் இதே நடக்கும்னான். அவன் பொண்டாட்டி அழுது கரைச்சதாலதான் போனான்னு நான் இன்னிக்கும் சொல்றேன். ஊர்ல வேற மாதிரி பேசிக்கிறாங்க.

அறுவடை முடியறதுக்குள்ள சண்டை வந்துச்சு. வறண்ட ஆத்துல. நாங்க பொம்பளைங்க மேட்டுல நின்னு பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாது. இந்தப் பக்கமும் எங்க குதிரைக்காரங்க, அந்தப் பக்கமும் எங்க குதிரைக்காரங்க. ஒரே மாதிரி கத்துறாங்க, ஒரே மாதிரி ஈட்டி எறியறாங்க. அண்ணனை அண்ணன்னு தெரியாம குத்தினவன் இருக்கான். தெரிஞ்சே குத்தினவனும் இருக்கான். குதிரைங்க குடலை இழுத்துக்கிட்டு ஓடி, அதுலயே கால் சிக்கி விழுந்துச்சு. மத்தியானத்துல கார்த்தேஜ் காலாள் உடைஞ்சு ஓடினாங்க. ரோமர் அவங்களை ஆத்தோட கரையில வச்சுப் பொறுமையா, கதிர் அறுக்கிற மாதிரி அறுத்தாங்க. அபிபாலை அங்கேயே முடிச்சுட்டாங்க. அவன் சாவு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, தலைப்பாகையை வச்சு.

தம்பி முப்பது பேரோட கோட்டைக்குத் திரும்பினான். தொடையில ஈட்டி. எலும்பு தெரிஞ்சுது.

மறுநாள் காலையில ரோமர் கோட்டையைச் சுத்தி நின்னாங்க. இகிதரும் அவங்களோட இருந்தான். அவன் ஒரு ஆளை அனுப்பினான். மாமாவை உயிரோட வெளியே கூட்டிட்டு வாங்க, அவருக்கு ஒண்ணும் ஆகாது, வீபியஸ் எனக்கு வாக்குக் குடுத்திருக்கார், நான் மாமாகிட்ட பேசணும், இதுதான் சேதி. வீபியஸ் தனியா ஒரு சேதி அனுப்பினான். உச்சிப் பொழுதுக்குள்ள ராஜாவைக் குடுக்கணும், இல்லைன்னா உள்ளே பூனைகூட உயிரோட இருக்காது. ராஜாவைச் சங்கிலி போட்டு ரோம் தெருவுல நடத்திக் காட்டுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

நான் என் வேலைக்காரன் ஒருத்தனை வீபியஸ்கிட்ட அனுப்பி ஒரு விஷயம் கேட்டேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான். ராஜா செத்துப்போயிருந்தா என்ன ஆகும்னு. அவன் பதில் சொல்லி அனுப்பினான். உயிரோட இருந்தா அடுத்த ராஜா யாருன்னு ரோமைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும், செத்துட்டா அக்கா மகன் இன்னிக்கே ராஜா. அவ்வளவுதான். கேட்டுக்கிட்டேன், மனசுல வச்சுக்கிட்டேன். ஒரு பொம்பளை நாலும் விசாரிச்சு வச்சுக்கிறது தப்பா?

உள்ளே தம்பி என் மடியில தலை வச்சுப் படுத்திருந்தான். நான் காயத்தைக் கழுவிக்கிட்டு இருந்தேன். துணி வெட்ட ஒரு கத்தி இருந்துச்சு பக்கத்துல. அவனுக்குக் காய்ச்சல். ஆனா பேச்சு தெளிவாத்தான் இருந்துச்சு.

"அக்கா, பின்னாடி ஆடு இறங்குற பாதை இருக்குல்ல. உச்சி வெயில்ல அந்தப் பக்கம் காவல் இருக்காது. என்னைக் குதிரைமேல தூக்கி வச்சுக் கட்டிவிடு. அரிஷத்தை முன்னாடி அனுப்பு. இகிதர்கிட்ட சொல்லு, அவன்மேல எனக்குக் கோபம் இல்லைன்னு."

இதைத்தான் வாயால சொன்னான். ஊர்ல இதைத்தான் பிடிச்சுக்கிறாங்க, அவன் பிழைக்கத்தான் நினைச்சான்னு. ஆனா அவன் கண்ணு வேற சொல்லுச்சு. நான்தான் முதல்லயே சொன்னேனே, அவன் வாயைப் பார்த்து நான் எதையும் தெரிஞ்சுக்கிட்டதே இல்லை. அந்தத் தொடையோட எவ்வளவு தூரம் போவான்? பாதி வழியில விழுந்து, ரோமர் கையில கிடைச்சு, சங்கிலியில நடந்து... அக்கா, அதுக்கு நீ விடாதேன்னு அவன் கண்ணு கேட்டுச்சு. நான் பார்த்தேன். வேற யாரும் பார்க்கலை.

கழுத்துல, காதுக்குக் கீழே. ஆட்டுக்கு எங்க வெட்டணும்னு தெரிஞ்ச கைதானே. அவன் என் மணிக்கட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சான். தடுக்கப் பிடிச்சான்னு சொல்றாங்க. இல்லை. எனக்குப் பலம் போதாதுன்னு உதவி பண்ணினான். நகம் பதிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு, இங்க பாருங்க. அக்கான்னு ஒரு தடவை சொன்னான். அப்புறம் பேச்சு வரலை. என் மடியெல்லாம் சூடாயிடுச்சு. கால் உதைச்சது நிக்கிற வரைக்கும் நான் அவன் தலையை விடலை. கடைசி வரைக்கும் நான்தான் பிடிச்சிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தா வாசல்ல அரிஷத். ஒரு மூட்டையைக் கையில வச்சுக்கிட்டு, வழிப்பயணத்துக்குக் கிளம்பி நிக்கிறா. எவ்வளவு நேரமா நின்னாளோ தெரியாது. வந்து தரையில உட்கார்ந்து அவன் காலைப் பிடிச்சுக்கிட்டா. நான் போய்க் கதவைத் திறக்கச் சொன்னேன். பூனைகூடச் சாகலை அன்னிக்கு. அதை யாராவது சொல்றாங்களா? கோட்டைக்குள்ள நூத்தி அறுபது பேர் இருந்தாங்க.

வீபியஸ் உள்ளே வந்து பார்த்தான். தலையை வெட்டச் சொன்னான். ஈட்டியில குத்தி மத்த ரெண்டு கோட்டைக்கும் காட்டணும்னான். அது எனக்குத் தெரியாது, அப்படிச் செய்வாங்கன்னு நான் நினைக்கலை. இகிதர் ஓடி வந்தப்போ தலை ஏற்கெனவே ஈட்டியில இருந்துச்சு. அவன் வாசல்லயே நின்னு அதைப் பார்த்தான். அப்புறம் என்கிட்ட வந்து, மாமா எப்படிச் செத்தார்னு கேட்டான். காயத்தாலன்னு சொன்னேன்.

அரிஷத் உள்ளேருந்து வந்தா. முழங்கால் வரைக்கும் ரத்தம். எங்க பாஷையில, எங்க பொம்பளைங்க பேசுற மாதிரியே, எல்லாத்தையும் சொன்னா. கத்தியை, ஆட்டுப் பாதையை, கோபம் இல்லைன்னு அவன் சொல்லச் சொன்னதை. ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. அதை நான் ஒத்துக்கிறேன்.

இகிதர் என்னைப் பார்த்தான். "என்னை ரோமர்கிட்ட போகச் சொன்னது மாமா இல்லைதானே?"

பெத்தவகிட்ட இத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேக்கக் கூடாது. என் வேலைக்காரன், வீபியஸ்கிட்ட சேதி கொண்டுபோனவன், பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தான். பயத்துல அவனாவே உளற ஆரம்பிச்சான், அம்மா கேக்கச் சொன்னாங்க, செத்தா என்ன ஆகும்னு கேக்கச் சொன்னாங்கன்னு. அவன் முடிக்கலை. இகிதர் ஈட்டியை அவன் வாய்க்குள்ளயே இறக்கினான். பல்லு உடையிற சத்தம் கேட்டுச்சு. இழுத்து எடுத்துட்டு என் முன்னாடி வந்து நின்னான். முனையிலேருந்து என் பாதத்துல சொட்டுச்சு. நான் கண்ணை மூடலை. என்னைத் தொடாம திரும்பிப் போயிட்டான். பிள்ளைப் பாசம், வேற என்ன.

பத்து வருஷம் ஆச்சு. அவன் நல்லாத்தான் ஆளறான். ரோமருக்குக் குதிரை அனுப்புறான், அவங்க சண்டையில எங்க பசங்க சாகறாங்க, ஆனா ஊர்ல யாரும் கை வெட்டுறதில்லை. அரிஷத்துக்குப் பொண்ணு பொறந்துச்சு. அவளையும் பொண்ணையும் தன் வீட்டுலயே வச்சிருக்கான். அவளை அம்மான்னு கூப்பிடுறான்னு ஒரு வியாபாரி சொன்னான். வியாபாரிங்க எதையாவது சொல்வாங்க. என்னை இங்க இருக்கச் சொல்லிட்டான். வீடு இருக்கு, மேய்ச்சல் இருக்கு, ஒரு குறையும் இல்லை. ஒரு தடவைகூட வரலை. ராஜாவுக்கு ஓய்வு ஏது.

நான் வருஷா வருஷம் நல்ல குதிரைக் குட்டியாப் பார்த்து ஒண்ணு வளர்த்து, பழக்கி, அவனுக்கு அனுப்புவேன். கோட்டை வாசல்லயே அதை ஈட்டியால குத்திடுறாங்களாம். நாலு கால்லயும் குத்திட்டு, அப்படியே சாக விட்டுடுவாங்களாம். யார் என்ன விஷத்தைத் தடவி அனுப்பியிருப்பாங்களோன்னு பயம் இருக்கும்ல, ராஜான்னா ஜாக்கிரதையா இருக்கணும், நான் தப்பு சொல்லலை. ஒன்பது குட்டி ஆச்சு. இப்போ கொண்டுபோக இங்க ஆளும் கிடைக்கலை. போன வருஷம் கொண்டுபோனவனைக் குட்டியோட ரத்தத்துல முகத்தை அழுத்தி எடுத்துத்தான் அனுப்பினாங்க.

நீங்க அந்த ஊருக்குத்தான் துணி கொண்டுபோறீங்க, இல்லையா? கொட்டகையில கடைசியில ஒரு செவலைக் குதிரை நிக்குது, மூணு வயசு. இகிதர் சின்ன வயசுல ஏறினதும் அதே நிறம்தான். கூட்டிட்டுப் போங்க. துறைமுகத்துல வாங்கினதுன்னு சொல்லுங்க. என் பேரை எடுக்க வேண்டாம். அவன் ஒரு தடவை அதுமேல ஏறி உட்காரட்டும். அது யார் அனுப்பினதுன்னு அப்புறமா நான் சொல்லிக்கிறேன்.